முடிந்தவரை மிதி... முடியாவிட்டால் மடக்கு!

"டாக்டர், நடக்கச் சொல்றீங்க. நடந்தா முட்டி வலிக்குது. நடக்கலேன்னா சுகர் ஏறுது. நான் என்னதான் பண்றது?"

என் கிளினிக்கில் வாரத்துக்கு நாலு பேராவது கேட்கும் கேள்வி இது. ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால், ஐம்பத்தைந்தைத் தாண்டியபிறகு அதே கேள்வியை என் முழங்கால்கள் என்னையே கேட்க ஆரம்பித்தன. மாடிப்படி என்றால் கை தானாகக் கைப்பிடியைத் தேடும். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் தேடும்.

இந்த நிலையில்தான் லண்டனில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போனேன். "ஊர் சுத்திக் காட்டறேம்ப்பா" என்றாள். "நீ போய் உன் வேலையைப் பாரும்மா, நான் ஜன்னல் வழியா பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அரை கிலோமீட்டர் நடந்ததும் நான் நொண்டுவதை அவள் பார்த்துவிடக் கூடாது என்கிற வீம்பு. ஊருக்கெல்லாம் மூட்டுவலித் தைலம் எழுதிக் கொடுப்பவன் அல்லவா!

அவள் பதில் பேசவில்லை. மறுநாள் காலை கதவுக்குப் பின்னாலிருந்து சின்ன சூட்கேஸ் அளவில் ஒரு இரும்புச் சுருட்டலை எடுத்து வந்தாள். இங்கே ஒரு திருகு, அங்கே ஒரு இழுப்பு. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. என் எதிரே ஒரு சைக்கிள் நின்றது!

சூட்கேஸுக்குள் ஒரு சைக்கிள்

அதன் பெயர் 'பிராம்ப்டன்'. ஆண்ட்ரூ ரிட்சி என்ற ஆங்கிலேய இன்ஜினீயர் 1975-ல் லண்டனில் தன் வீட்டு அறையிலேயே இதை வடிவமைக்க ஆரம்பித்தார். அறை ஜன்னலிலிருந்து தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே சைக்கிளுக்கும் வைத்துவிட்டார்.

சக்கரம் 16 அங்குலம்தான். நம் ஊரில் குழந்தைகள் ஓட்டும் சைக்கிள் அளவு. ஆனால், சீட்டும் ஹேண்டில்பாரும் பெரியவர்களுக்கான உயரம். பின்சக்கரத்தை அடியில் சுருட்டி, நடுவில் உள்ள கீலைத் தளர்த்தி முன்பாகத்தை மடக்கி, ஹேண்டில்பாரைச் சாய்த்து, சீட்டைக் கீழே இறக்கினால் முடிந்தது. எடை 11, 12 கிலோ இருக்கும். விலை மட்டும் ஆயிரம் பவுனுக்கு மேல். தூக்கும்போது எடையைவிட விலைதான் கனக்கும்!

"எனக்கு முட்டி வலிம்மா. சைக்கிள் வேற மிதிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான், இதே கேள்விக்கு நோயாளிகளிடம் நான் என்ன சொல்வேன் என்பது நினைவுக்கு வந்தது. நடக்கும்போது உடம்பின் மொத்த எடையையும் கால்கள் சுமக்கின்றன. படி ஏறும்போது முட்டியில் விழும் சுமை இன்னும் அதிகம். சைக்கிளிலோ எடையின் பெரும்பகுதியைச் சீட் வாங்கிக்கொள்கிறது. அடிபடாமல் முட்டி மடங்கி நீள்கிறது. தொடைத் தசை வலுவாகிறது. தொடைத் தசை வலுவாக இருந்தால் முட்டியின் பாரம் பாதி குறைந்த மாதிரி.

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றியவன் நான். விட்டுப்போய் முப்பது வருஷம். வீட்டுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் இரண்டு நாள் பழகினேன். சின்னச் சக்கரம் என்பதால் ஹேண்டில்பார் தொட்டால்சிணுங்கி மாதிரி லேசாகத் தொட்டாலே திரும்பிவிடுகிறது. பழகியபின் சரியாகிவிட்டது. நம் ஊர் மாதிரியே அங்கும் இடதுபக்கப் போக்குவரத்து என்பது பெரிய நிம்மதி.

52 படிகள்

ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் சைக்கிளை மடக்கி, பாதாள ரயிலில் ஏறினோம். சாதாரண சைக்கிளைக் காலை, மாலை நெரிசல் நேரத்தில் ரயிலில் ஏற்ற முடியாது. ஆழத்தில் ஓடும் பாதைகளில் எந்நேரமும் அனுமதி கிடையாது. மடக்கிய சைக்கிளுக்கு அந்தத் தடை இல்லை. அது வெறும் சாமான் கணக்கு!

டவர் ஹில் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ஆயிரம் ஆண்டுப் பழைய லண்டன் கோட்டை. பக்கத்தில் 1894-ல் திறக்கப்பட்ட டவர் பிரிட்ஜ். பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்தன. இறங்கி நடைபாதையில் தள்ளிக்கொண்டே கடந்தோம். இறங்கித் தள்ளுவதில் வெட்கம் என்ன?

ஆற்றின் தென்கரையில், செயின்ட் தாமஸ் தெருவில் ஒரு பழைய தேவாலயம். அதன் பரணில்தான் நான் பார்க்க ஆசைப்பட்ட இடம் இருக்கிறது. 1822-ல் கட்டப்பட்ட அறுவை சிகிச்சைக் கூடம். ஏறிப்போக 52 படிகள் கொண்ட குறுகலான சுழல் படிக்கட்டு. சைக்கிளை மடக்கி மகளிடம் விட்டுவிட்டு, படிக்கு ஒரு மூச்சு என்று நின்று நின்று ஏறினேன்.

நடுவில் ஒரு மர மேஜை. சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்கப் படி வரிசைகள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. இங்கிலாந்தில் அது வந்ததே 1846-ல்தான். அதற்கு முந்தைய 24 ஆண்டுகள், நினைவோடு இருக்கும் பெண்களை இந்த மேஜையில் படுக்க வைத்துக் காலை அறுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பரண் மூலிகை காய வைத்த இடம். கசகசாச் செடியின் காய்ந்த காய்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. மூலிகை வாசனையில் வளர்ந்த எனக்கு அந்தப் பரணைவிட்டு இறங்க மனசே வரவில்லை.

தேம்ஸ் கரையோரம்

ஸதர்க் பாலத்தைக் கடந்து மறுபடி வடகரைக்கு வந்தால் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை. கல் தடுப்பு வைத்து மோட்டார் வண்டிகளிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். சைக்கிள்களுக்குத் தனி சிக்னல் விளக்கு! ஆற்றங்கரையை ஒட்டி வெஸ்ட்மின்ஸ்டர் வரை மேடு பள்ளம் அதிகமில்லாத பாதை. டவர் ஹில்லிலிருந்து கணக்குப் போட்டால் நாலு கிலோமீட்டர் சொச்சம்.

இந்தச் சாலைக்கு ஒரு கதை உண்டு. 1858 கோடையில் தேம்ஸ் நதி சாக்கடையாக நாறியது. நாற்றம் தாங்காமல் பார்லிமென்ட் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பிறகுதான் ஜோசப் பசல்ஜெட் என்ற இன்ஜினீயர் நகரம் முழுக்கக் கழிவுநீர்க் குழாய்கள் பதித்தார். 1870-ல் திறக்கப்பட்ட இந்தக் கரைச்சாலைக்கு அடியில் அவர் போட்ட பெரிய சாக்கடையும் ஓடுகிறது, ரயிலும் ஓடுகிறது. லண்டனைக் காலராவிடமிருந்து காப்பாற்றியதில் டாக்டர்களுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இந்த இன்ஜினீயருக்கும் உண்டு.

பார்லிமென்ட் மணிக்கூண்டு கண்ணில் பட்டதும் எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "செல்சி வரைக்கும் போயிடலாம்மா!" என்றேன். மூச்சு வாங்கியது. வலது முட்டி 'விண் விண்' என்றது. வாயை மூடிக்கொண்டு மூச்சிரைப்பை மறைத்தேன்.

மகள் சைக்கிளை நிறுத்தினாள். "அப்பா, பதினாலு வேகம்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? அதுல இளைப்பும் உண்டுல்ல?"

சுருக்கென்றது. சித்த மருத்துவம் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சொல்கிறது. சிறுநீர், மலம், தும்மல், பசி, தாகம், தூக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் இளைப்பும் ஒன்று. உழைப்பால் வரும் மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு மேலும் உழைத்தால் நோயைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி. நூற்றுக்கணக்கானவர்களுக்கு நான் சொன்ன பாடம். எனக்குச் சொல்ல ஒரு மகள் தேவைப்பட்டாள்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் மடக்கினோம். ரயில் கிளம்பியது. நான் வியர்க்க வியர்க்க மிதித்து வந்த அதே சாலைக்கு அடியில், உட்கார்ந்தபடி திரும்பிப் போனேன். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு மடக்கு சைக்கிளின் அருமை புரிந்தது. சாதாரண சைக்கிளில் போன தூரத்தைத் திரும்பி வந்தே ஆக வேண்டும். அந்த பயத்திலேயே என் வயதுக்காரர்கள் கிளம்புவதில்லை. இதில் எந்த இடத்திலும் 'போதும்' என்று சொல்லலாம்.

மூலிகைத் தோட்டமும் கைப்பிடி இல்லாத பம்ப்பும்

ஒருநாள் ஓய்வு. முட்டிக்கு உளுந்துத் தைலம் இளஞ்சூடாகத் தடவி, வெந்நீர் ஒத்தடம். மூன்றாம் நாள் புத்தி வந்திருந்தது. ஸ்லோன் ஸ்கொயர் வரை ரயில். அங்கிருந்து சைக்கிளில் சில நிமிஷம் மிதித்தால் செல்சி மூலிகைத் தோட்டம்.

லண்டன் மருந்தாளுநர் சங்கம் 1673-ல் மாணவர்களுக்காக அமைத்த நாலு ஏக்கர் தோட்டம் அது. அங்கே நம் ஊர் நித்தியகல்யாணியை நினைத்துக்கொண்டேன். மடகாஸ்கரில் பிறந்த அந்தச் செடியை 18-ம் நூற்றாண்டில் இந்தத் தோட்டத்தில் வளர்த்தவர் தலைமைத் தோட்டக்காரர் பிலிப் மில்லர். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் 'வின்கிரிஸ்டின்' மருந்து அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். (அதற்காக வீட்டில் யாரும் அதைக் கஷாயம் போட்டுக் குடித்துவிடாதீர்கள். நஞ்சுள்ள செடி!)

பிறகு ஹைட் பார்க்கில் மரநிழலில் மெதுவாக ஒரு சுற்று. ஹைட் பார்க் கார்னரில் மடக்கி, இரண்டே ஸ்டேஷன் தள்ளி பிக்காடில்லி சர்க்கஸ். அங்கிருந்து சோஹோவின் குறுகிய தெருக்கள். பிராட்விக் தெருவில் ஒரு தண்ணீர் பம்ப் நிற்கிறது. பழைய பம்ப்பின் மாதிரி அது. அதற்குக் கைப்பிடி கிடையாது!

1854-ல் இந்தப் பகுதியில் காலரா பரவி 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாக விசாரித்து, இந்தப் பம்ப்புத் தண்ணீர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். செப்டம்பர் 8-ம் தேதி கைப்பிடியைக் கழற்றினார்கள். நோய் அதற்குள் தணிய ஆரம்பித்திருந்தது உண்மைதான். ஆனால், தண்ணீரால் காலரா பரவும் என்பதற்கு அவர் சேகரித்த கணக்கு நிலைத்துவிட்டது. இன்னொரு விஷயம். 1853-ல் விக்டோரியா ராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் இதே ஸ்நோதான். முதல் நாள் பார்த்த அந்த மர மேஜை நினைவுக்கு வந்தது.

கிளம்புமுன் கவனியுங்கள்

* சீட் உயரம் முக்கியம். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். தாழ்ந்த சீட் முட்டியின் முன்பக்கத்தை வலிக்க வைக்கும்.

* லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிக்காதீர்கள்.

* மடக்கிய சைக்கிளை இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். முட்டியை லேசாக மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். முதுகுவலிக்காரர்கள் லிஃப்ட் உள்ள ஸ்டேஷனாகப் பாருங்கள்.

* புறப்படும் முன் கீல்களின் திருகுகள் இறுக்கமாக உள்ளனவா என்று தொட்டுப் பாருங்கள். ஹெல்மெட்டும் முன், பின் விளக்குகளும் அவசியம்.

* சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். கை நடுங்கி, வியர்த்தால் உடனே நிறுத்திச் சாப்பிடுங்கள்.

* இதய நோய், தலைசுற்றல் உள்ளவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். முட்டி வீங்கிச் சிவந்திருந்தால் சைக்கிளும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் முட்டிவலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. தேய்ந்த மூட்டு நாலு நாள் சைக்கிளில் புதுசாகிவிடாது. ஆனால், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டிய நான் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பியதும் தூசி படிந்து கிடந்த பழைய சைக்கிளைத் துடைத்து, சீட்டை உயர்த்தி வைத்திருக்கிறேன். காலையில் இருபது நிமிஷம். மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறேன்.

"நான் என்னதான் பண்றது டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு இப்போது ஒரே வரியில் பதில் சொல்கிறேன்:

"முடிஞ்சவரைக்கும் மிதிங்க. முடியலேன்னா நிறுத்துங்க. ஆனா, நாளைக்கு மறுபடி கிளம்புங்க!"