நிற்கிற சைக்கிள் – 6: எந்த ட்ரெய்னர் வாங்கலாம்?

2016 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் மாத்யூ ஹேமன், பாரிஸ்-ரூபே சைக்கிள் பந்தயத்தில் டாம் பூனனை முந்தி ஜெயித்தார். ஆறு வாரம் முன்புதான் வேறொரு பந்தயத்தில் விழுந்து கை முறிந்திருந்தது. இடைப்பட்ட நாட்களில் கராஜுக்குள் சைக்கிளை, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரில் பூட்டி, அடிபட்ட கையை ஏணியில் தாங்கலாக வைத்தபடி மிதித்தார்.

இந்தக் கதையைக் கேட்டதுமே ட்ரெய்னர் வாங்கக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் சைக்கிளின் பின்சக்கரத்தை முதலில் குனிந்து பாருங்கள். பாதி முடிவு அங்கேயே இருக்கிறது.

விலை குறைந்த வகை, பின்சக்கரத்தின் அச்சை இருபுறமும் கவ்விப் பிடிக்கும். டயர் ஓர் உருளையின் மேல் அழுந்திச் சுற்றும். காந்தத்தில் இயங்குபவற்றில் ஒரு நெம்பை நகர்த்தி இறுக்கத்தைக் கூட்டலாம். திரவ ட்ரெய்னரில் உள்ளே எண்ணெய் இருக்கும். வேகமாக மிதிக்க மிதிக்க அது தானாகவே கனக்கும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டாம். ஆனால் டயர் தேயும். முரட்டு டயர் போட்ட மலை சைக்கிள் (எம்.டி.பி.) என்றால் உருளை ஓலமிடும். வழவழப்பான டயர் மாற்றியாக வேண்டும். அச்சைக் கைப்பிடியால் பூட்டும் க்விக் ரிலீஸ் என்றால் சுலபம். நட்டு போட்ட அச்சுக்குத் தனி நட்டு தேவை. அப்பா காலத்துப் பெரிய சைக்கிளை இதில் ஏற்ற நினைக்காதீர்கள்.

விலை கூடிய வகை ‘டைரக்ட் டிரைவ்’. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சைக்கிளை நேராக ட்ரெய்னரில் மாட்ட வேண்டும். டயர் தேய்மானம் இல்லை, சத்தமும் குறைவு. மிதிக்கும் திறனை, அதாவது வாட்டை, நல்ல கருவிகள் ஒன்றிரண்டு சதவீதப் பிசகுக்குள் சொல்லிவிடும். இணைத்த செயலியின் திரையில் மேடு வந்தால் பெடலும் கனக்கும். உங்கள் பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரங்களோ, அதற்கு ஒத்த கேசட் அதில் இருக்க வேண்டும். கடையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். இன்னொன்று, கரண்ட். பெரும்பாலானவை மின்சாரம் போனால் இறுக்கத்தை இழந்துவிடும். டாக்ஸ் நியோ போன்ற சில, மிதிப்பதிலிருந்தே தமக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும்.

வாட்டை அவ்வளவு துல்லியமாகச் சொல்வது யாருக்கு அவசியம்? 2020 டிசம்பரில் முதல் சைக்கிள் இ-ஸ்போர்ட்ஸ் உலக சாம்பியன்ஷிப் ஸ்விஃப்ட் என்ற மெய்நிகர் சைக்கிள் செயலியில் நடந்தது. வீரர்கள் அவரவர் வீட்டிலிருந்தே ஓட்டினார்கள். அளவு மாறினால் பந்தயமே மாறிவிடும் என்பதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ட்ரெய்னர். ஆண்கள் பிரிவில் ஜெயித்த ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில் துடுப்புப் படகு வீரர். பந்தயமோ, வாட் கணக்கில் பயிற்சியோ உங்கள் நோக்கமென்றால் டைரக்ட் டிரைவுக்குச் செலவழியுங்கள். காலையில் அரை மணி நேரம் வியர்த்தால் போதும் என்பவருக்குத் திரவ ட்ரெய்னரே தாராளம்.

கடைக்காரர் சொல்லாத செலவு ஒன்று உண்டு: மின்விசிறி. பெடலில் 150 வாட் இறக்க, உடம்பு ஏறத்தாழ மூன்று மடங்கைச் சூடாக வெளியே தள்ளுகிறது. சாலையில் எதிர்க்காற்று அதைக் கொண்டுபோய்விடும். சென்னை மாதிரி ஊரில் மூடிய அறைக்குள் அந்தச் சூடு எங்கே போகும்? தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் போதாது. மார்புக்கு நேரே வீசும் பெடஸ்டல் ஃபேன் வேண்டும். இல்லாவிட்டால் கால் ஓய்வதற்கு முன்பே உடம்பு ஓய்ந்துவிடும். ஹாண்டில்பாருக்குக் குறுக்கே ஒரு துண்டு போடுங்கள். உப்பு வியர்வை சொட்டினால் ஸ்டெம் போல்ட்டுகள் துருப்பிடிக்கும். அடுக்குமாடியென்றால் கெட்டியான ரப்பர் விரிப்பும் அவசியம். அறைக்குள் சத்தம் கேட்காத ட்ரெய்னரின் அதிர்வுகூட கீழ்வீட்டுக்கு இறங்கும்.

ஆகவே, கையிலிருக்கும் பணத்தில் ஃபேனுக்கும் விரிப்புக்கும் முதலில் ஒதுக்குங்கள். மிச்சத்துக்கு எந்த ட்ரெய்னர் வருகிறதோ, உங்கள் பின்சக்கரத்துக்குப் பொருந்தினால் அதை வாங்குங்கள்.

வாங்கியதைப் பூட்டுவது எப்படி, உருளையை டயர்மேல் எவ்வளவு அழுத்துவது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)