ஈகிள்நெஸ்ட்: சரணாலய எல்லைக்கு வெளியே வாழும் அரிய பறவை

அருணாச்சலப் பிரதேசத்தின் மேற்கு காமெங் மாவட்டத்தில் உள்ள ஈகிள்நெஸ்ட் வனவிலங்கு சரணாலயம், கிழக்கு இமயமலையின் பல்லுயிர் வளம் மிக்க காடுகளுள் ஒன்றாகும். 1950களில் இப்பகுதியில் முகாமிட்டிருந்த இந்திய ராணுவத்தின் செங்கழுகுப் படைப்பிரிவே இப்பெயருக்குக் காரணம். கழுகுக்கூடு எதுவும் அன்று.

சுமார் 218 சதுர கி.மீ. பரப்புள்ள இக்காடு, 500 மீட்டர் உயரத்தில் தொடங்கி 3,250 மீட்டர் வரை எழுகிறது. அசாம் சமவெளியைக் கடந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவுகளில் மோதிப் பெருமழை பொழிகிறது. அடிவாரத்தில் வெப்பமண்டலக் காடும், இடைப்பகுதியில் மிதவெப்ப மண்டலப் பசுமைக் காடும், உச்சியை ஒட்டி ஊசியிலை மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் வளர்கின்றன. பறவையினங்கள் பலவும் தமக்கு உகந்த உயரத்தையே பற்றி வாழ்பவை. ஒரே மலையில் இத்தனை உயர வேறுபாடு இருப்பதால், சிறிய பரப்பிலேயே 400க்கும் மேற்பட்ட இனங்களுக்கு இடம் கிடைக்கிறது. யானைகளும் கோடையில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் வரை ஏறிச் செல்கின்றன.

இம்மலையை உலகறியச் செய்தது 'புகுன் லியோசிக்லா' என்னும் சிறு பறவை. கருநிறத் தொப்பியும், இறகுகளில் மஞ்சளும் சிவப்பும் கொண்ட இதனை வானியலாளர் ரமணா ஆத்ரேயா 1995இல் முதலில் கண்டார். 2006இல் புதிய இனமாக அறிவித்தார். புதிய இனத்தை நிறுவ ஒரு பறவையைக் கொன்று பாடம் செய்து வைப்பதே வழக்கம். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால் அவர் அதைத் தவிர்த்தார். வலையில் சிக்கியதைப் படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை மட்டும் சேகரித்துப் பறக்கவிட்டார். இங்கு வாழும் புகுன் பழங்குடியினரின் பெயரே பறவைக்குச் சூட்டப்பட்டது.

ஆனால், இப்பறவை பெரும்பாலும் காணப்படுவது சரணாலயத்துக்குள் அன்று, அதனை ஒட்டிய சிங்சுங் கிராமத்தின் சமூகக் காட்டில்தான். அரசின் சட்டப் பாதுகாப்பு முழுமையாக எட்டாத அந்நிலத்தில் 17 சதுர கி.மீ. பரப்பை, 2017இல் புகுன் மக்களின் இசைவோடு சமூகக் காப்பகமாக மாநில அரசு அறிவித்தது. கிராம இளைஞர்களே அங்கு ரோந்து செல்கின்றனர்.

இக்காப்பகத்தின் தேவையை ஈகிள்நெஸ்ட் பகுதியில் ஆண்டுதோறும் பறவைகளுக்கு வளையமிட்டு நடைபெறும் ஆய்வுகள் உணர்த்துகின்றன. மரம் வெட்டப்பட்ட காடு வெப்பம் மிகுந்தும் ஈரம் குறைந்தும் இருப்பதால், அங்கு புதர்ப்பறவைகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது. வெப்பம் உயர்வதால் மேல்நோக்கி இடம்பெயரும் இனங்களுக்கு, அடுத்த உயரத்தில் வெட்டப்படாத காடு இருந்தாக வேண்டும்.