நகரப் பள்ளிகளை ஆள்வது யார்?

உங்கள் பள்ளியின் கூரை ஒழுகினால் அதைச் செப்பனிட வேண்டியவர் யார்? தலைமையாசிரியர் என்று விடையிறுப்பீர்கள். அவரோ விண்ணப்பம் எழுதுபவரேயன்றி ஆணையிடுபவர் அல்லர். அந்த ஆணை எங்கிருந்து பிறக்கின்றது என்பதையே இன்று ஆராய்வோம்.

மதுரை நகரசபை 1866ஆம் ஆண்டில் தோன்றியது. 1971இல் மாநகராட்சியாக உயர்ந்தது. நகரசபை நடத்திய பள்ளிகளே இன்று மாநகராட்சிப் பள்ளிகள் எனப்படுகின்றன. கட்டிடம் மாநகராட்சிக்குரியது, கல்வி வரியைத் தண்டுவதும் அதுவே. பாடத்திட்டமும் பொதுத் தேர்வுமோ மாநில அரசைச் சார்ந்தவை. வண்டி ஒன்று, சாரதிகள் இருவர்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் சென்றால் கதை வேறு. அங்கே ஜில்லா போர்டு பள்ளிகள் இருந்தன. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து போர்டுகள் மறைந்தன. தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் வந்தன. 1981 ஜூன் முதல் அவற்றின் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியர்க்கு அது பெரும் பாதுகாப்பு. அதை நான் குறைகூறேன். ஆயினும் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த கயிறு சற்றே தளர்ந்தது என்பது என் கருத்து.

தளர்ச்சியின் விலையை யார் கொடுக்கிறார்கள்? நான் தலைமை வகித்த பள்ளியொன்றில் குடிநீர்க் குழாய் பழுதுபட்டது. ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்தைக் காட்டிற்று. அது மூன்றாவதைக் காட்டிற்று. பங்குனி வெயிலில் சிறுமியர் சிலர் மாலை வரை தண்ணீர் குடியாமலே அமர்ந்திருந்தனர். கோப்பில் எவர்மீதும் குற்றமில்லை!

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதற்கொரு வழி காட்டியது. பள்ளிதோறும் மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் மானியம் செலவாவதைக் கண்காணிப்பதும் அதன் கடமை.

அமெரிக்காவின் சிக்காகோ நகரம் இன்னும் துணிந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால், தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே பெற்றோர் மிகுந்த குழுக்களுக்கு அளித்தது. ஏழாண்டு கழித்து, 1995இல், நகர மேயரின் கைக்குப் பள்ளி நிர்வாகம் சென்றது; எனினும் குழுக்கள் அழியவில்லை.

அவ்வளவு அதிகாரத்தை நான் இங்குக் கேட்கவில்லை. குழாய், கதவு, கழிப்பறை ஆகியவற்றைப் பழுதுபார்க்கப் போதிய தொகை குழுவின் கையில் இருக்க வேண்டும்; செலவுக் கணக்கு, பெற்றோர் படிக்கும்படி பள்ளிச் சுவரில் எழுதப்பட வேண்டும். கூட்டங்களும் மாலையிலேயே நடைபெறட்டும். கூலி வேலைக்குச் செல்லும் தாய் பகல் பதினொரு மணிக்கு எப்படி வருவாள்?