இறந்தார் மூச்சும் இனிய குழலும்

சக்ஸபோன் என்னும் கருவியைப் பெல்ஜியம் நாட்டினராகிய அடொல்ப் சக்ஸ் என்பார் ஆக்கி, 1846 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரிற் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையாயினும் ஓசை பிறப்பது நாணற் சீவாளியிலே. ஆதலின் அதனை மரக்குழல் இனத்திலேயே அடக்குவர். ஒரு வகையில் நம் நாதஸ்வரத்துக்கு அது உறவு. கத்ரி கோபால்நாத் அவர்கள் கருநாடக இசையை அதிலே வாசித்துக் காட்டிய பின்னர் அவ்வுறவு நமக்குப் புதுமையன்று. ஈண்டு யாம் எழுதப் புகுந்ததோ அமெரிக்கர் ஒருவரைப் பற்றி.

கெனி ஜி என்பவர் 1956 இல் சியாற்றில் நகரிற் பிறந்தவர். மென்மையான ஜாஸ் என்று வழங்கும் இசைவகையில் உலகறிந்த பெயர் அவருடையது. 1992 இல் வெளிவந்த ‘பிரெத்லெஸ்’ என்னும் அவருடைய இசைத்தட்டு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 20 இலட்சம் படிகளுக்குச் சான்று பெற்றது. சீனத்திலே கடைகள் அடைக்கும் வேளையில் அவருடைய ‘கோயிங் ஹோம்’ ஒலிப்பதை ஒரு வழக்கமாகவே கொண்டனர். 1997 இல் நியூயோர்க் நகரில் ஒரே சுரத்தை இடையறாது 45 நிமிடம் 47 விநாடி ஊதி நின்றார். கன்னத்தில் தேக்கிய காற்றை வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சிழுக்கும் முறை அது. நம் கோயில் மேளங்களில் ஒத்து ஊதியோர் நன்கறிந்த வித்தையே. சுருதிப்பெட்டி வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்பது வேறு கதை.

ஜாஸ் வல்லுநர் பலர் இவரை மதிப்பதில்லை. இனிப்பு ஒன்றையே அறுசுவை விருந்தாகப் படைக்கிறார் என்பது அவர்கள் குறை. அக்குறையில் உண்மை உண்டு. எனினும் இனிமையைக் குற்றமென்று தள்ள யாம் ஒருப்படோம்.

2021 டிசம்பரில் அவர் ‘நியூ ஸ்ரான்டர்ட்ஸ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். எம்மிடம் பயின்று இப்பொழுது வெளிநாட்டில் வாழும் மாணாக்கர் ஒருவர் விடுமுறையில் வந்தபொழுது அதனைக் கேட்பித்தார். ஜாஸ் உலகில் ஸ்ரான்டர்ட் என்பது தலைமுறைதோறும் பலரும் எடுத்து வாசித்துப் பழகிப் போன பாடல். பலர் வாயிற் பட்டு நிலைத்த பின்னரே அப்பெயர் வரும். ஆக்கியவரே சூட்டிக்கொள்ளல் சற்று அவசரமே. 1950, 1960 ஆம் ஆண்டுகளின் மெல்லிய பாடல்களை மனத்திற்கொண்டு புதியனவாக யாத்தவை இவை. ‘எமெலின்’ என்பது இனிது. விரைவு இல்லை, பகட்டும் இல்லை.

எம்மை நிறுத்தியது ‘லெகசி’ என்னும் பாடல். அதிலே கெனி ஜியுடன் இணைந்து வாசிப்பது ஸ்ரான் கெற்ஸின் குழலோசை. கெற்ஸ் 1991 இலே மறைந்துவிட்டார்! அவர் வாழ்நாளில் ஊதிய சுரங்களைத் தனித்தனியே ஒலிப்பதிவிலிருந்து எடுத்து, அவர் கேட்டறியாத புதிய மெட்டொன்றாகக் கோத்திருக்கின்றனர்.

மறைந்தாருடன் இசைத்தல் முன்னும் நிகழ்ந்தது. நற் கிங் கோல் 1965 இல் மறைந்தார். அவர் மகள் நற்றலி கோல் 1991 இல் தந்தையின் பழைய பதிவோடு தம் குரலைச் சேர்த்துப் பாடினார். ஆனால் தந்தை பாடியது தந்தை பாடியவாறே இருந்தது. லூயி ஆம்ஸ்ரோங் 1967 இற் பாடிய ‘வற் எ வொண்டர்புல் வேர்ல்ட்’ பதிவின்மேல் 1999 இல் கெனி ஜி தம் குழலை ஏற்றினார். கிற்றார்க் கலைஞர் பற் மெதினி அதனைக் கடுஞ்சொல்லாற் கண்டித்தார். அங்கும் ஆம்ஸ்ரோங் பாடியது அவர் பாட்டே. இங்கோ பாட்டும் கெற்ஸினதன்று.

“பண்டிதர் ஐயா, இது இடைச்செருகல்தானே?” என்றார் மாணாக்கர்.

யாம் உடன்படவில்லை. கம்பர் காவியத்திற் பாட்டுச் செருகியோர் தம் பெயரை மறைத்தனர். அவற்றையே பதிப்பாசிரியர் மிகைப்பாடல் என ஒதுக்குகின்றனர். ஆயினும் செருகியவன் தன் மூச்சைச் செலவிட்டே பாடினான். கெனி ஜி எதையும் மறைக்கவில்லை. வெளிப்படச் சொல்லியே செய்தார். வஞ்சம் இல்லை. கம்பரின் ஏட்டிலிருந்து எழுத்துகளைப் பெயர்த்தெடுத்துப் புதிய விருத்தம் ஒன்று அடுக்கினால் எழுத்து அவருடையது. ஆனால் எந்த எழுத்தின்பின் எந்த எழுத்து என்று துணிந்தவர் யார்? அத்துணிவையே யாம் கவித்துவம் என்கின்றோம்.

“கேட்க நன்றாயிருந்ததா, இல்லையா ஐயா?” என்றார் அவர் விடாமல்.

நன்றாகவே இருந்தது; மும்முறை கேட்டோம். பின்னர், “தம்பி, 1964 இல் வெளிவந்த கெற்ஸ்–கில்பேர்ட்டோ இசைத்தட்டைப் போடும்” என்றோம். ‘இபனீமாப் பெண்’ பாடலிலே பாட்டு ஓய்ந்து குழல் எழும் இடத்தில், சுரம் பிறக்குமுன் காற்று உரசும் ஓசை எம் காதிற் பட்டது. அதை முடியும்வரை இருவரும் பேசாது கேட்டிருந்தோம்.