சூரைப் படகுக்குக் கையெழுத்திடும் முன்

புதுக்கோட்டை மாவட்டம் ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுக்காரர்களுக்கு பாக் நீரிணை அத்துப்படி. ஆழம் குறைந்த கடல். ஒரு நாள் போய் மறுநாள் கரை சேரும் தொழில். ஆனால் எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை ஆளையும் படகையும் பிடித்துக்கொள்ளும். இழுவை மடியை விட்டு ஆழ்கடலுக்குப் போகட்டும் என்றுதான் 2017இல் சூரைப் படகுத் திட்டம் வந்தது. புதுக்கோட்டை உட்பட நான்கு மாவட்டங்களுக்கு மூன்றாண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அதில் சிறு பகுதியே நிறைவேறியது.

தொடக்கத்தில் ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கைப்பணம் 8 லட்சம். பழைய இழுவைப் படகையும் கைவிட வேண்டும்.

மானியம் படகோடு நின்றுவிடுகிறது. வாரக்கணக்கில் கடலில் தங்குவதற்கான டீசல், ஐஸ், இரை, ஆட்களுக்கான முன்பணம் எல்லாம் உரிமையாளர் தலையில். மீன் படாமல் திரும்பினாலும் வங்கித் தவணை தள்ளிப்போகாது. பெரிய படகுக்கு ஆழமான துறைமுகமும் வேண்டும்.

சூரை பிடிக்கும் தூண்டில் தொழில் தனி வித்தை. சூரை இருக்கும் இடம் அறிவதும், பிடித்த மீனைத் தரம் குறையாமல் கரை சேர்ப்பதும் குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்களுக்குக் கைவந்தவை. அவர்களிலும் பலரை 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் பலிகொண்டது. புதியவர்கள் அனுபவமுள்ள ஆட்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கடல்சார் மீன்பிடிப் பயிற்சிக்கு சிஃப்நெட் நிறுவனம் கொச்சியிலும் சென்னையிலும் இருக்கிறது.

உரிமைகளும் உண்டு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்ட விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய். மீனவர் பிரீமியம் கட்ட வேண்டாம். மானியக் கோப்பு நகராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலுக்கு வாங்கியவர், படகிலோ எஞ்சினிலோ குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், ஆலோசனைக்கு 1915. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554.

படகு கையில் கிடைக்கும் தேதி, எஞ்சின் உத்தரவாதம், முதல் தவணை தொடங்கும் மாதம், படகு கட்டும் இடத்தில் தாமதமானால் வட்டி யார் பொறுப்பு ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்காமல் பழைய படகை உடைக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்.