தமிழ்ல எனக்கு வார்த்தையே இல்லையா?

நியூ ஜெர்சியில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கும் ஒரு தமிழ் வகுப்பில் நான் ஆறு வருஷமாகத் தன்னார்வ ஆசிரியை. உங்களில் பலரைப் போல நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான். இதே மாதிரி ஒரு வகுப்பில் உட்கார்ந்து, கண்ணீரும் கம்பலையுமாக 'ழ' பழகியவள்.

போன வருஷம் ஐம்பால் பாடம் வந்தது. இலக்கணம் போரடிக்கக் கூடாதே என்று ஒரு விளையாட்டு வைத்தேன். "ஆண்பால் எல்லாரும் இந்தப் பக்கம், பெண்பால் எல்லாரும் அந்தப் பக்கம், ஓடுங்க!" எல்லாரும் ஓடினார்கள். பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் மட்டும் நடுவிலேயே நின்றார். யாரோ சிரித்தார்கள். "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்" என்று வெளியே போனவர் வகுப்பு முடியும்வரை திரும்பவில்லை. அடுத்த இரண்டு வாரமும் வரவில்லை.

பிறகு அவருடைய அம்மா ஃபோன் செய்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஸ்கூல்ல இப்போ ஹீ, ஷீ ரெண்டும் வேண்டாம், 'தே'ன்னு கூப்பிடுங்கன்னு சொல்லியாச்சு. எங்களுக்கே இது புதுசு. தமிழ் கிளாஸுக்குக் கிளம்புன்னா, 'தமிழ்ல எனக்கு வார்த்தையே இல்லம்மா'ன்னு ஒரே அழுகை."

அந்த வாக்கியம் என்னைத் தூங்க விடவில்லை. வார்த்தை இல்லாமல் இல்லை. நான்தான் வகுப்பில் அதைக் காட்டவில்லை.

யோசித்துப் பாருங்கள். 'நான்', 'நீ' இரண்டிலும் ஆண், பெண் கிடையாது. "பாட்டி வந்தாங்க", "தாத்தா வந்தாங்க" என்றுதான் வீட்டில் பேசுகிறோம்; வினைச்சொல்லின் முடிவு ஒன்றுதான். இங்கிலீஷில் பலர் திணறும் 'தே', நம் வீட்டில் தினமும் புழங்கும் 'அவங்க'தான். எழுத்தில் 'அவர்'. பன்னிரண்டு வயசுப் பிள்ளையை "அவர் படித்தார்" என்று சொல்ல முதலில் எனக்கும் நாக்கு சுளுக்கியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. தொல்காப்பியர்கூடச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண் பெண் என்ற பிரிவில் சரியாக அடங்காத மனிதர்களை எப்படிக் குறிப்பது என்று பேசுகிறார். அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை. உயர்திணை விகுதிகளே அவர்களுக்கும் உரியவை என்கிறார். அதாவது, அவர்களும் மனிதர்கள்தான்.

"இதெல்லாம் அமெரிக்கப் பழக்கம்" என்று சிலர் நினைக்கலாம். சென்னையைப் பாருங்கள். 2021இல், குடும்பத்தின் எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதன் பிறகு ஜூன் 7 அன்று அவர் தந்த உத்தரவில் பள்ளி, கல்லூரிகளுக்கும் பரிந்துரைகள் இருந்தன: பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோருக்குப் புரியவைப்பது, எல்லாப் பாலினத்தவரும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வழி. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு, மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருநர், திருநங்கை, திருநம்பி மாதிரியான சொற்கள் இப்போது நம்மிடம் இருக்கின்றன.

இங்கே நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சி கல்வித் துறையின் 2018 வழிகாட்டுதல், மாணவர் விரும்பும் பெயரையும் பிரதிப்பெயரையும் பள்ளி பயன்படுத்த வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியாவில் 2014இலிருந்தே, பள்ளி நிகழ்ச்சிகளிலும் வசதிகளிலும் மாணவர்கள் தங்கள் பாலின அடையாளப்படி பங்கெடுக்கச் சட்டம் இருக்கிறது. டெக்சஸில் 2025இல் வந்த சட்டம் நேர் எதிர்த் திசை. அரசுப் பள்ளி ஊழியர்கள் இப்படி உதவுவதையே தடுக்கிறது. டாலஸிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, தன்னைத் தானாக ஏற்கும் ஒரே வகுப்பு தன்னார்வலர்கள் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்பாகவே இருக்கலாம்.

எங்கள் வகுப்பில் பெரிய புரட்சி ஒன்றும் செய்யவில்லை. அணி பிரிக்கப் பிறந்த மாதம் பார்க்கிறோம்: ஒற்றைப்படை இந்தப் பக்கம், இரட்டைப்படை அந்தப் பக்கம். எண்களும் பழகிய மாதிரி ஆச்சு. ஐம்பாலை இப்போதும் நடத்துகிறேன். சொல் அட்டைகளைப் பிரிக்கச் சொல்கிறேன், பிள்ளைகளைப் பிரிப்பதில்லை. முதல் நாள் ஒரு துண்டுச் சீட்டில் "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்கிறேன். ஆண்டு விழாவுக்குப் பையன்கள் வேட்டி, பெண்கள் பாவாடை என்று இருந்ததை 'விருப்பமான நம்மூர் உடை' என்று மாற்றினோம். கேலி வந்தால் அந்த நிமிஷமே நிறுத்துகிறேன். ஒரு பிள்ளை என்னிடம் நம்பிச் சொன்னது வாட்ஸாப் குழுவுக்குப் போகாது.

ஓர் அப்பா கேட்டார்: "சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க? நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடாதா?" நியாயமான பயம்தான். "நாங்க எதையும் சொல்லிக் குடுக்கலீங்க. வந்த பிள்ளையை அது கேட்ட பேர்ல கூப்பிடுறோம், அவ்வளவுதான்" என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் தன் பிள்ளையைத் தொடர்ந்து அனுப்புகிறார்.

நடுவில் நின்ற மாணவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மூன்று வாரம் கடைசி வரிசையில், கதவை ஒட்டியே உட்கார்ந்தார். இப்போது இரண்டாவது வரிசைக்கு வந்திருக்கிறார்.

அம்மாவுக்கு இன்னும் தடுமாற்றம்தான். தப்பாகச் சொல்லிவிட்டால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர்கிறார். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் பாட்டியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லையாம். போன வாரம் பாட்டிதான் பிள்ளையை அழைத்துப்போக வந்திருந்தார். வாசலில் நின்று, "கண்ணு, சாப்பிட்டியா? வா, போகலாம்" என்றார்.

'கண்ணு'வில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிப் போனார்.