மோட்டாருக்குத் தொட்டி... கொட்டகைக்கு பேட்டரி!
சோலார் போடும் முன் போட வேண்டிய கணக்கு

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். மொட்டாகவே பறித்து, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். ஐந்தாறு கறவை மாடுகளும் இருந்தால், அதே நேரத்தில் பாலும் கறக்க வேண்டும். அப்போது கரன்ட் போனால் கைவேலை முழுக்க நின்றுவிடும். அதனால்தான் ‘சோலார் போட்டால் எத்தனை பேட்டரி வேண்டும்?’ என்ற கேள்வி எழுகிறது. கணக்குப் போடாமல் கடன் வாங்கினால், வட்டிதான் மிஞ்சும்.

மோட்டாரை பேட்டரியில் ஓட்டலாமா?

1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1 ஹெச்.பி என்பது 746 வாட். 5 ஹெச்.பி மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால், மணிக்குச் சுமார் 4.7 யூனிட் இழுக்கும். மூன்று மணி நேரத்துக்கு 14 யூனிட்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ட்யூப்லர் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், கையில் கிடைப்பது 0.9 யூனிட்தான். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 19 பேட்டரி வரும். 48 வோல்ட்டுக்கு நான்கு நான்காகத்தான் இணைக்க முடியும். ஆக, 20 பேட்டரி. ஒன்று 15,000 ரூபாய் என்று வைத்தாலும் 3 லட்சம். சில ஆண்டுகளில் மறுபடியும் மாற்ற வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுப்பதால், பெரிய த்ரீ ஃபேஸ் இன்வெர்ட்டரும் தேவை. வீட்டு இன்வெர்ட்டர் இதற்கு உதவாது.

தண்ணீரைச் சேமியுங்கள்

அதே 14 யூனிட், 100 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறக்குறைய 20,000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவரும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 7 அடி ஆழத் தொட்டி அந்தத் தண்ணீரைப் பிடிக்கும். 20 பேட்டரி செய்யும் வேலையை ஒரு தொட்டி செய்துவிடுகிறது. தொட்டிக்கும் செலவு உண்டு. ஆனால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதில்லை. மேட்டில் இருந்தால் வாய்க்காலில் தானே பாயும். சொட்டுநீருக்கு அழுத்தம் வேண்டும் என்றால், தொட்டி அருகே ஒரு சிறிய மோட்டார் வைத்துப் பகலில் ஓட்டிக்கொள்ளலாம்.

இலவச மின்சார இணைப்பு இருப்பவர்கள், த்ரீ ஃபேஸ் வரும் நேரத்தில் தொட்டியை நிரப்பினால் போதும். பம்புக்கு சோலார் அவசியமில்லை. இணைப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு, பேட்டரியே இல்லாமல் வெயிலில் நேரடியாக ஓடும் சோலார் பம்புசெட் ஏற்றது. 5 ஹெச்.பி-க்கு 4,800 வாட், 3 ஹெச்.பி-க்கு 3,000 வாட் பேனல் என்பது அரசு அளவு. 2019-ல் தொடங்கிய பி.எம்-குசும் திட்டத்தின் கீழ், வேளாண்மைப் பொறியியல் துறை இதற்கு மானியம் தந்துவந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குக் கூடுதல் மானியம் இருந்தது. விண்ணப்பிக்கும் முன், உங்கள் பகுதி உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் இப்போதைய விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி எதற்கு?

இரவிலும் விடியற்காலையிலும் நிற்கக் கூடாத சின்ன வேலைகளுக்கு. எடுத்துக்காட்டாக ஒரு கொட்டகை:

* 9 வாட் எல்.இ.டி 6, ஐந்து மணி நேரம் - 270
* 75 வாட் மின்விசிறி 2, எட்டு மணி நேரம் - 1,200
* 750 வாட் கறவை இயந்திரம், ஒரு மணி நேரம் - 750
* 10 வாட் சோலார் வேலிக் கருவி, 12 மணி நேரம் - 120

மொத்தம் 2,340 வாட்-மணி. இழப்பைச் சேர்த்தால் 2.75 யூனிட். இதற்கு மேலே சொன்ன ட்யூப்லர் பேட்டரி 4 போதும். லித்தியம் என்றால், 80 சதவிகிதம் வரை இறக்கலாம்; 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேக் ஒன்று 5.12 யூனிட் கொள்ளும். கறவை மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது மூன்று மடங்கு இழுக்கும் என்பதால், 3 கே.வி.ஏ இன்வெர்ட்டர் வேண்டும். 2 ஹெச்.பி புல் நறுக்கும் இயந்திரத்தை இதில் சேர்க்காதீர்கள். அதைப் பகலில் லைன் கரன்டில் ஓட்டிக்கொள்ளலாம்.

நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது குறையும். அதனால் 1.5 கிலோவாட் போட்டுக்கொள்வது நல்லது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்...

* பேனல் தெற்கு நோக்கி, சுமார் 10 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். ஒரு பேனலில் தென்னை நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க மின்சாரம் குறையும்.
* எர்த்திங், இடிதாங்கி இரண்டும் விலைப்பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.
* பேட்டரியின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
* தூசி படிந்தால் விளைச்சல் குறையும். காலையில் பேனல் சூடாகும் முன் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கருவிகளின் வாட், ஓடும் நேரம் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாளைப் பார்க்காமலே பேட்டரி எண்ணிக்கை சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.